பிராசசர் மாற்றியபின் கணினி எழவில்லையா? அறிகுறியிலிருந்து பிழையைப் பிடிக்கும் வழிமுறை

செங்கோட்டையிலும் அதற்கு மேற்கே புளியரை, ஆரியங்காவு, தென்மலை வரையிலும் மேசைக்கணினி வைத்திருப்பவர்களில் பலர் இப்போது பிராசசரைத் தாங்களே வாங்கித் தாங்களே பொருத்திப் பார்க்கிறார்கள். அது நல்ல பழக்கம்தான். பொருத்தியது எழாமற்போனால் மட்டும் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி எங்கள் பழுதுபார்க்கும் மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். வரும்போதே முடிவையும் கையோடு கொண்டுவருகிறார்கள். கிழக்கிலிருந்து வருபவர் "பிராசசர் போயிட்டு அண்ணாச்சி" என்கிறார். ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரளத்திலிருந்து வருபவர் "பிராசசர் போயி சேட்டா" என்கிறார். இத்தனை ஆண்டுகளில் பிராசசரே உண்மையில் பழுதாகி வந்தவற்றை நான் விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவற்றில் எல்லாம் குற்றம் ஒரு வயரிலோ, பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் மெல்லிய பின் ஒன்றிலோ, கணினியை முதலில் எழுப்பும் நிரலான பயாஸின் பழைய பதிப்பிலோ, சூட்டைத் தணிக்கும் கூலர் இறுகிய விதத்திலோதான் இருந்தது. ஆகவே கீழே உள்ள வழிமுறை முழுவதும் ஒரே வரிசையைப் பின்பற்றுகிறது: மலிவாகவும் எளிதாகவும் சோதிக்கக்கூடியதை முதலில் சோதிப்பது, பிராசசரைக் கடைசியில் சந்தேகிப்பது.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'செயலி' என்று எழுதினால் கைப்பேசியில் இறக்கும் செயலியையே இன்று பலரும் நினைக்கிறார்கள். 'சிபியு' என்றால் நம் ஊரில் முழுப் பெட்டியையும் குறிக்கிறது. அதனால் சில்லைப் பிராசசர் என்றும், பெட்டியைக் கேபினெட் என்றும், மின்வழங்கியைக் கடைகளில் சொல்வதுபோல் எஸ்எம்பிஎஸ் என்றும் எழுதுகிறேன்.

எதைத் தொடுவதற்கும் முன் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற சுவிட்சை அணைத்துவிட்டு, முன்பக்கப் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். பிறகு எஸ்எம்பிஎஸ்ஸின் பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியைக் கையால் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்சாரத்தை இறக்குங்கள். மேல்காற்றும் சாரலுமாக இருக்கும் ஆனி, ஆடி மாதங்களில் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் நிலைமின்சாரத் தொல்லை குறைவு. மாசி, பங்குனியின் வறண்ட பகல்களில் பாலியெஸ்டர் சட்டையோடு வேலை செய்பவர் இந்த ஒரு தொடுதலை மறக்கக் கூடாது. சாரலில் நனைந்தபடி வாங்கிவந்த பொருளை உடனே மின்சாரத்தில் சேர்க்காமல், உறையைப் பிரித்து அறையில் சற்று நேரம் உலரவிடுவதும் நல்லது.

பிராசசர் சாக்கெட்டில் உட்காரவில்லை, அல்லது லீவர் இறங்க மறுக்கிறது

முதலில் உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். இன்டெல்லின் சாக்கெட் வகைகளான எல்ஜிஏ1151, எல்ஜிஏ1200, எல்ஜிஏ1700, எல்ஜிஏ1851 ஆகியவற்றிலும் 2022-இல் வந்த ஏஎம்டியின் ஏஎம்5-இலும் பின்கள், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டின் (சுருக்கமாகப் போர்டு) சாக்கெட்டில் இருக்கின்றன. பிராசசரின் அடிப்புறம் தட்டையான பொன்னிறப் புள்ளிகள் மட்டுமே. ஏஎம்டியின் முந்தைய சாக்கெட்டான ஏஎம்4-இல் நிலைமை தலைகீழ்: 1331 பின்களும் பிராசசரின் அடியில் நிற்கின்றன, சாக்கெட்டில் துளைகள் இருக்கின்றன.

இரு வகைக்கும் மூலையில் உள்ள சிறு முக்கோணம்தான் திசைகாட்டி. பிராசசரின் முக்கோணமும் சாக்கெட்டின் முக்கோணமும் ஒரே மூலைக்கு வர வேண்டும். ஏஎம்4-இல் லீவர் முழுவதும் மேலே இருக்கும்போது பிராசசர் தன் எடையாலேயே இறங்கிவிடும். விரலால் அழுத்த நேர்ந்தால் ஏதோ ஒரு பின் வளைந்திருக்கிறது என்று பொருள், அங்கேயே நிறுத்திவிடுங்கள். பின் சாக்கெட்டில் உள்ள வகைகளில் பிராசசரை நேராக மேலிருந்து இறக்கி வைக்க வேண்டும். வைத்தபின் இழுத்துச் சரிசெய்யக் கூடாது, ஏனென்றால் அந்த ஒரு நகர்த்தலே அடியில் உள்ள பின்களைச் சாய்த்துவிடும்.

இன்டெல், ஏஎம்5 சாக்கெட்டுகளின் லீவரை இறக்கும்போது கை நடுங்குமளவுக்கு விசை தேவைப்படும்; மெல்லிய நெறுநெறுப்புச் சத்தமும் கேட்கலாம். அது இயல்பு. முக்கோணம் சரியாக இருந்து, பிராசசர் நான்கு பக்கமும் சமமாகப் படிந்திருந்தால் தயங்காமல் இறக்கலாம். சாக்கெட்டின் மேலிருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியை முன்கூட்டியே பிடுங்க வேண்டியதில்லை. லீவர் இறங்கும்போது அதுவே தெறித்து வெளியே வரும். அந்த மூடியைக் குப்பையில் போடாதீர்கள். அதன் பயன் கடைசியில் வரும்.

உட்கார்ந்துவிட்டது என்பதாலேயே பொருந்திவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. எல்ஜிஏ1151 என்ற ஒரே பெயரில் இரண்டு தலைமுறைச் சாக்கெட்டுகள் உள்ளன: 6, 7-ஆம் தலைமுறைப் பிராசசர்களுக்கு 100, 200 வரிசைச் சிப்செட்டுகளும் (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லுகள்), 8, 9-ஆம் தலைமுறைகளுக்கு 300 வரிசைச் சிப்செட்டுகளும் வேண்டும். மாற்றிப் போட்டாலும் பிராசசர் அழகாக உட்காரும், லீவரும் இறங்கும், டிஸ்பிளே மட்டும் வராது. அதேபோல் எல்ஜிஏ1200-இல் எச்410, பி460 போர்டுகள் 10-ஆம் தலைமுறைக்கு உரியவை. 11-ஆம் தலைமுறைப் பிராசசரை வாங்குமுன் போர்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் உங்கள் போர்டின் பெயருக்குக் கீழே உள்ள பிராசசர் பட்டியலைப் பார்த்துவிடுவது அவசியம். அந்தப் பட்டியலில் பிராசசரின் பெயருக்கு எதிரே குறைந்தபட்சப் பயாஸ் பதிப்பும் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை

இந்த அறிகுறி பிராசசரோடு தொடர்புடையதாக இருப்பது அரிது. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற சுவிட்ச், 24 பின் கேபிள் கிளிக் என்று பூட்டும்வரை உட்கார்ந்திருப்பது, கேபினெட் பட்டனிலிருந்து வரும் மெல்லிய வயர் சரியான இரு ஊசிகளில் இருப்பது ஆகிய மூன்றையும் பாருங்கள். பட்டனையே சந்தேகித்தால், பவர் சுவிட்ச் என்று குறித்த இரு ஊசிகளையும் ஸ்குரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டுக்காட்டுங்கள். கணினி ஓடினால் பழுது பட்டனில்தான்.

ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிறது, அல்லது தானே அணைந்து தானே ஓடுகிறது

இதற்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒரு நொடியில் அணைந்து, பிறகு எதுவுமே நடக்காவிட்டால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. கேபினெட்டின் தட்டில் போர்டுக்குத் துளை இல்லாத இடத்தில் பித்தளைத் தாங்கி ஒன்று மிஞ்சி நின்றால், அது போர்டின் பின்புறச் சால்டரைத் தொட்டு இதே வேலையைச் செய்யும். போர்டைக் கழற்றி, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரே ஒரு ராம் (நினைவகம்), எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றோடு மட்டும் ஓட்டிப் பாருங்கள். வெளியே ஓடி உள்ளே ஓடாவிட்டால் குற்றம் கேபினெட்டுக்குள் இருக்கிறது.

மாறாக, கணினி அணைந்து தானே மீண்டும் ஓடி, அப்படி இரண்டு மூன்று முறை செய்தால், அது ராமோடு பழகிக்கொண்டிருக்கலாம். புதிய பிராசசரைப் பார்த்ததும் போர்டு ராமின் வேகத்தையும் நேரக்கணக்கையும் சோதித்துப் பார்க்கிறது. ஏஎம்5 போர்டுகளில் டிடிஆர்5 ராமோடு முதல் முறை இந்தப் பழக்கம் பல நிமிடங்கள் நீடிக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமையில்லாமல் இடையில் அணைத்தவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. கால் மணி நேரம் வேறு வேலையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, டிஸ்பிளே மட்டும் வரவில்லை

எங்களிடம் வருபவற்றில் பெரும்பகுதி இதுதான். ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் இருப்பதால் வரிசை மாறாமல் செல்லுங்கள்.

மானிட்டர் கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதே முதல் கேள்வி. புளியரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில், பெயரின் இறுதியில் எஃப் எழுத்துள்ள இன்டெல் பிராசசரைப் போட்டுவிட்டு இரண்டு நாள் தூங்காமல் இருந்தார். எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசர்களில் படம் காட்டும் பகுதி இல்லை. விலை குறைவாக இருந்ததன் காரணமே அதுதான். ஏஎம்4-க்கு உரிய ஏஎம்டியின் ரைசன் பிராசசர்களில் பொதுவாக ஜி எழுத்து இருந்தால்தான் போர்டின் பின்புற எச்டிஎம்ஐ துளையில் படம் வரும். ரைசன் 5 5600 போன்றவற்றில் வராது. ஏஎம்5-இன் ரைசன் 7000 வரிசையில் எளிய படப்பகுதி உள்ளது, ஆனால் அங்கும் எஃப் எழுத்து வந்தால் இல்லை. கார்டு இருக்கும் கணினியில் கேபிளைக் கார்டில் செருக வேண்டும், போர்டில் அல்ல. அந்த மாணவருக்குப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைப் போட்டதும் திரை எழுந்துவிட்டது. அவர் முகத்தில் தெரிந்தது மகிழ்ச்சியா வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, போர்டின் இடது மேல்மூலையில் பிராசசருக்கென்றே இருக்கும் 8 பின் மின்இணைப்பைப் பாருங்கள். 24 பின் கேபிளைச் செருகியதும் வேலை முடிந்தது என்று எண்ணி இதை விட்டுவிடுபவர்கள் ஏராளம். இது இல்லாவிட்டாலும் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும். பிராசசருக்கு மட்டும் மின்சாரம் போகாது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் இந்த கேபிள் பெரும்பாலும் நான்கும் நான்குமாகப் பிரியும். கிராஃபிக்ஸ் கார்டுக்கான கேபிள் ஆறும் இரண்டுமாகப் பிரியும். இரண்டும் எட்டுதானே என்று ஒன்றை மற்றதன் இடத்தில் திணிக்காதீர்கள். 12 வோல்ட்டும் தரையிணைப்பும் எதிர் எதிர் வரிசையில் இருப்பதால் போர்டே எரியக்கூடும்.

மூன்றாவது ராம். எல்லா ராமையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் துளையில் போடுங்கள். நான்கு துளை உள்ள போர்டுகளில் அதுவே பெரும்பாலும் முதன்மைத் துளை. இரண்டு ராம் இருந்தால் இரண்டாவதும் நான்காவதும் உரியவை. சாரல் மாதங்களில் சும்மா கிடந்த ராமின் பொன்னிற விளிம்பில் மங்கல் படிவதுண்டு. பள்ளிப்பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துகளை ஊதிவிட்டாலே பல கணினிகள் எழுந்துவிடுகின்றன. டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 உட்காராது, பள்ளத்தின் இடம் வேறு. எல்ஜிஏ1700-க்கு இரு வகைப் போர்டுகளும் விற்கப்படுவதால் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

நான்காவதாக, மின்இணைப்பைத் துண்டித்து, போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் எடுத்துவைத்துப் பழைய பயாஸ் அமைப்புகளை அழியுங்கள். முந்தைய பிராசசருக்குப் போட்ட வேகக்கணக்கை வைத்துக்கொண்டு புதியது தடுமாறுவது உண்டு.

ஐந்தாவது பயாஸ் பதிப்பு. இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. போர்டு வெளிவந்த பிறகு பிறந்த பிராசசரை அந்தப் போர்டு தானாக அறியாது. 2018-இல் வந்த பி450 போர்டில் 2020-இன் இறுதியில் வந்த ரைசன் 5000 வரிசையைப் போட்டால், பயாஸைப் புதுப்பிக்காதவரை திரை கறுப்பாகவே இருக்கும். 12-ஆம் தலைமுறைக்காக வந்த எச்610, பி660 போர்டுகளில் 13 அல்லது 14-ஆம் தலைமுறைப் பிராசசரைப் போடும்போதும் இதே கதைதான். போர்டு பொருந்துகிறது என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான். பெட்டிக்குள் எந்தப் பதிப்புப் பயாஸ் இருக்கிறது என்பது அவருக்கும் தெரிந்திருக்காது. பழைய பிராசசர் இன்னும் கையில் இருந்தால் அதை மீண்டும் போட்டு, பயாஸைப் புதுப்பித்துவிட்டுப் புதியதை மாட்டுவதே நேர்வழி. அதனால்தான் பழையதை விற்றுவிட்டுப் புதியதை வாங்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பழையது இல்லாவிட்டால், போர்டின் பின்புறத்தில் பயாஸ் ஃபிளாஷ்பேக் என்ற வகைப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிராசசர் இல்லாமலேயே புதுப்பிக்கலாம்: பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, தயாரிப்பாளர் சொல்லும் பெயரில் கோப்பை வைத்து, அதற்கென்று குறித்த யூஎஸ்பி துளையில் செருகிப் பொத்தானை அழுத்த வேண்டும். விளக்கு மினுக்குவது நிற்கும்வரை தொடாதீர்கள்.

பயாஸ் எழுதப்படும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் போர்டு உயிரற்றதாகிவிடலாம். மேல்காற்று வீசும் மாதங்களில் மலையடிவாரத்தில் ஒரு கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் போதும், ஊரே இருளும். ஆகவே யூபிஎஸ் இல்லாமல், அதுவும் அதன் பேட்டரி நல்ல நிலையில் இல்லாமல், இந்த வேலையில் இறங்காதீர்கள். காற்று ஓய்ந்த அதிகாலையைத் தேர்ந்தெடுப்பது என் வழக்கம். இதை மூடநம்பிக்கை என்று கடைப்பையன்கள் சிரிக்கிறார்கள்.

இத்தனையும் செய்து திரை எழாவிட்டால், போர்டின் ஓரத்தில் உள்ள சிறு விளக்குகளைக் கவனியுங்கள். இன்றைய பல போர்டுகளில் சிபியு (இங்கே பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (படம் காட்டும் பகுதி), பூட் (விண்டோஸ் உள்ள வட்டு) என்று நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். எதில் நிலைத்து நிற்கிறதோ அங்கே சோதனை தடைபட்டிருக்கிறது. சிபியு விளக்கு நிலைத்து எரிகிறது என்பதற்குப் பிராசசர் பழுது என்று பொருளல்ல. 8 பின் மின்சாரம், பயாஸ், சாக்கெட்டின் பின் ஆகிய மூன்றும் அதே விளக்கைத்தான் எரிய வைக்கும். முதல் இரண்டையும் பார்த்துவிட்டோம். மிச்சம் சாக்கெட்.

பிராசசரை எடுத்துவிட்டுச் சாக்கெட்டின் மேல் கைப்பேசி விளக்கைச் சாய்வாகப் பிடியுங்கள். ஒழுங்கான பின்வரிசை நாற்றங்கால் போல ஒரே திசையில் மின்னும். வளைந்த பின் அந்த ஒழுங்கைக் கெடுத்துக்கொண்டு தனியே தெரியும். கைப்பேசியில் நெருக்கமாகப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பியதும் அகப்படும். பின்கள் மயிரிழை போன்றவை. ஒருமுறை நிமிர்த்தலாம், மறுமுறை முறியும். நுனி கூரான சாமணமோ தையல் ஊசியோ கொண்டு, பக்கத்துப் பின்னைத் தொடாமல், வளைந்த திசைக்கு எதிர்த்திசையில் சிறுசிறு தள்ளலாக நகர்த்த வேண்டும். உத்தரவாதக் காலத்தில் உள்ள போர்டாக இருந்தால் கையை வைக்குமுன் யோசியுங்கள். வளைந்த பின்னுக்குப் பல தயாரிப்பாளர்கள் உத்தரவாதம் தருவதில்லை, நீங்கள் நிமிர்த்த முயன்ற தடம் இருந்தால் பேச்சே இல்லை. ஏஎம்4 பிராசசரின் பின் வளைந்திருந்தால் வேலை சற்று எளிது: தேய்ந்த ஏடிஎம் அட்டையின் விளிம்பை வரிசைகளுக்கிடையே விட்டு மெல்ல நிமிர்த்தலாம், உள்குச்சியை எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சிலின் நுனிக்குழாயைப் பின்னின் மேல் மாட்டி நிமிர்த்துபவர்களும் உண்டு.

இரண்டு ராம் போட்டால் ஒன்றைத்தான் காட்டுகிறது

ராமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசசருக்குள்ளேயே இருப்பதால், பிராசசர் மாற்றியதும் தோன்றும் இந்தக் குறை பெரும்பாலும் சாக்கெட்டைத்தான் சுட்டுகிறது. ராம்களை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். எந்த ராமைப் போட்டாலும் ஒரே துளைதான் வேலை செய்யவில்லை என்றால், அந்தத் துளைக்குரிய பின் ஒன்று வளைந்திருக்கிறது, அல்லது கூலரின் ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இறுகியிருப்பதால் மறுபக்கத்தில் பிராசசர் சரியாகத் தொடவில்லை. கூலரின் நான்கு திருகுகளையும் தளர்த்தி, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் காணாமற்போன ராம் திரும்பி வந்ததை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

கூலரைத் தூக்கினால் பிராசசரும் சேர்ந்து வருகிறது

இது ஏஎம்4-க்கே உரிய சங்கடம். அங்கே பிராசசரை மேலிருந்து பிடிக்கும் இரும்புச்சட்டம் இல்லை. லீவர் பூட்டியிருந்தாலும், வெப்பத்தைக் கடத்தப் பிராசசருக்கும் கூலருக்கும் இடையே இட்ட பேஸ்ட், காய்ந்து இறுகிப் பசைபோல ஒட்டிக்கொண்டு பிராசசரைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிடுகிறது. நான் முதன்முதலில் கழற்றிய ஏஎம்4 கணினியில் இது நடந்தது. பிடுங்கிய வேகத்தில் கை பின்னோக்கிப் போய், பிராசசர் கூலரிலிருந்து உதிர்ந்து, சிமென்ட் தரையில் பின்கள் கீழாக விழுந்தது. ஒன்பது பின்கள் சாய்ந்தன. அன்று இரவு உணவு பதினொரு மணிக்கு.

அதன்பிறகு கைக்கொண்ட முறை இது: கழற்றுமுன் கணினியைப் பத்து நிமிடம் நன்றாக வேலை செய்யவிட்டுப் பேஸ்ட்டை இளகச் செய்வது; அணைத்து மின்சாரத்தைத் துண்டித்து, திருகுகளைக் கழற்றியபின் கூலரை மேலே இழுக்காமல் இடமும் வலமுமாகத் திருகுவது; பிடி தளர்ந்ததை விரல் உணர்ந்த பிறகே தூக்குவது. கணினி எழாத நிலையில் இருந்தால் சூடாக்க வழியில்லை. அப்போது திருகுவதற்கு அதிக நேரம் கொடுங்கள். ஒட்டிக்கொண்டே வந்துவிட்டால், பக்கவாட்டில் பல்லிடுக்கைச் சுத்தம்செய்யும் நூலை விட்டு அறுத்துப் பிரிக்கலாம்; கத்தி வேண்டாம்.

சூடு ஏறிக் கணினி அணைகிறது, அல்லது ஊர்ந்து செல்கிறது

ஓட்டிய உடனே பயாஸுக்குள் சென்று வெப்பநிலையைப் பாருங்கள். பயாஸில் பிராசசர் ஓய்வெடுப்பதில்லை என்பதால் விண்டோஸில் இருப்பதைவிடச் சற்று அதிகமாகவே காட்டும். ஆனால் ஒரு நிமிடத்துக்குள் 70 டிகிரியைக் கடந்து 90-ஐ நோக்கி ஏறினால் கூலர் பிராசசரைத் தொடவே இல்லை. உடனே அணையுங்கள்.

புதிய கூலரின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியிருப்பது முதல் காரணம். கேட்டால் எல்லோரும் உரித்தேன் என்பார்கள். கழற்றிப் பார்த்தால் தாள் இருக்கும். இன்டெல் பெட்டியில் வரும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று உட்காராமல் இருப்பது இரண்டாவது. அந்தக் கால்களின் தலையில் உள்ள அம்புக்குறி, கழற்றத் திருப்ப வேண்டிய திசையைக் காட்டுகிறது. மாட்டுமுன் அதற்கு எதிர்த்திசையில் முழுவதும் திருப்பி வைத்து, எதிரெதிர் மூலையாக அழுத்தினால் நான்கு முறை கிளிக் என்று கேட்கும். போர்டைத் திருப்பி நான்கு கால்களும் பின்புறம் விரிந்து நிற்பதைக் கண்ணால் பார்த்தபிறகே கேபினெட்டில் ஏற்றுங்கள்.

மூன்றாவது காரணம் பழைய கூலர். எல்ஜிஏ1151, எல்ஜிஏ1200 போர்டுகளில் கூலர் துளைகளுக்கிடையே 75 மில்லிமீட்டர். எல்ஜிஏ1700-இல் அது 78. பிராசசரின் உயரமும் குறைந்திருக்கிறது. வீட்டில் இருந்த பழைய கூலரை இழுத்துப் பிடித்து மாட்டியவர்கள் மாட்டிவிட்டதாகவே நினைக்கிறார்கள். அடியில் காற்று இடைவெளி இருக்கிறது. கூலர் நிறுவனம் தரும் எல்ஜிஏ1700 தாங்கியை வாங்குங்கள். ஏஎம்4 கூலர்களில் பல ஏஎம்5-இல் பொருந்தும், ஆனால் தன் சொந்தப் பின்தகட்டைக் கேட்கும் கூலர்கள் பொருந்தா. ஏஎம்5-இல் பின்தகடு சாக்கெட்டோடு சேர்ந்தது.

பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். எல்ஜிஏ1700 பிராசசர் நீள்சதுரமாக இருப்பதால் நடுவில் ஒரு சிறு கோடாக இடலாம். கூலரைக் கழற்றியபோதெல்லாம் பழையதைத் துடைத்துப் புதிதாக இட வேண்டும். துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கைப்பேசி பழுதுபார்ப்பவர்களிடம் கிடைக்கும்.

மலைப்பாதைக்கு ஒரு தனி எச்சரிக்கை. செங்கோட்டையில் பூட்டிச் சோதித்து நன்றாக இருந்த கணினி, வளைவுகளில் குலுங்கிப் புனலூர் போய்ச் சேர்ந்ததும் சூடேறுகிறது என்று தொலைபேசி வரும். கோபுரம்போல் உயர்ந்த கனமான கூலர், நின்ற நிலையில் உள்ள கேபினெட்டில் பக்கவாட்டில் தொங்குகிறது. குலுக்கலில் அதன் பிடி தளரும், சில சமயம் போர்டையே வளைக்கும். கொண்டுசெல்லும்போது கேபினெட்டை, போர்டு கீழும் கூலர் மேலுமாக, படுக்கவைத்துக் கொண்டுசெல்லுங்கள்.

அளவைப் பற்றி ஒன்று: ரைசன் 7000 வரிசையின் உயர்நிலைப் பிராசசர்கள் கடும் வேலையில் 95 டிகிரி வரை செல்லும்படியே வடிவமைக்கப்பட்டவை. அதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். சும்மா இருக்கும்போதே 80-ஐத் தொட்டால்தான் அஞ்ச வேண்டும்.

சிபியு ஃபேன் எரர், எஃப்1-ஐ அழுத்து என்கிறது

கூலரின் வயர் சிஸ்டம் ஃபேன் என்ற ஊசிகளில் இருக்கிறது. சிபியு ஃபேன் என்று எழுதிய ஊசிகளுக்கு மாற்றுங்கள். அவ்வளவே.

புதிய பிராசசர் வந்திருக்கிறது, ஒய் (Y) அல்லது என் (N) அழுத்து என்கிறது

ஏஎம்டி போர்டுகளில் வரும் இந்தக் கேள்வி பழுதின் அறிகுறி அல்ல. ஆனால் இதற்கு அவசரமாகச் சொல்லும் விடை மற்றெல்லாப் பழுதுகளையும்விட அதிக இழப்பைத் தரக்கூடும். பாதுகாப்புத் திறவுகோல்களை வைத்திருக்கும் எஃப்டிபிஎம் என்ற பகுதி பிராசசரோடு பிணைந்தது. ஒய் அழுத்தினால் அது அழிக்கப்பட்டுப் புதிதாகத் தொடங்கும். உங்கள் வட்டு விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், அடுத்த நொடி விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். பல புதிய கணினிகளில் உரிமையாளர் அறியாமலேயே வட்டு பூட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் இதில் உள்ள கண்ணி. மீட்பு எண் கையில் இல்லாவிட்டால் 'என்' (N) எழுத்தை அழுத்திவிட்டு, பழைய பிராசசரை மாட்டி உள்ளே சென்று, பிட்லாக்கரை நிறுத்திவைத்துப் பிறகு மாற்றுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய விண்டோஸ் என்றால் மீட்பு எண் பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், கைப்பேசியிலிருந்தே பார்க்கலாம். ஆரியங்காவில் அச்சகம் வைத்திருக்கும் ஒருவர் கல்யாணப் பத்திரிகைக் கோப்புகள் அத்தனையையும் இப்படி இழக்கவிருந்தார். அவர் மகளுக்கு அந்தக் கணக்கின் கடவுச்சொல் நினைவிருந்ததால் தப்பினார்.

எல்லாம் ஓடுகிறது, வேலை கூடும்போது நீலத்திரை வருகிறது

வெப்பநிலையைப் பார்த்துவிட்டீர்கள், சரியாக இருக்கிறது என்று கொள்வோம். ராமின் வேகத்தை உயர்த்தும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை அணைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பழைய பிராசசர் தாங்கிய ராம் வேகத்தைப் புதியது தாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்நிலைப் பிராசசர் என்றால் வேறொன்றையும் பார்க்க வேண்டும். இவற்றில் சில தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தைத் தாங்களே கேட்டு, காலப்போக்கில் நிலைகுலைகின்றன என்று இன்டெல்லே 2024-இல் ஒப்புக்கொண்டு, அந்த ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்களை வெளியிட்டது. அந்தத் திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வருகிறது. செப்டம்பர் 2024-க்குப் பிந்தைய பயாஸ் இல்லாத போர்டில் இத்தகைய பிராசசரை மாட்டவே கூடாது என்பது என் கருத்து. ஏற்கெனவே கெட்டதைத் திருத்தம் குணப்படுத்தாது. அதற்கு மாற்று வாங்குவதே வழி. இன்டெல் இவற்றின் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்திருக்கிறது. பயன்படுத்திய பிராசசரை வாங்குபவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எழவில்லை

இப்போதுதான் பிராசசரைச் சந்தேகிக்கலாம். அதற்கும் ஒரே ஒரு நேர்மையான சோதனைதான் உண்டு: உங்கள் பிராசசரை, நன்றாக ஓடுகிறதென்று தெரிந்த, பொருத்தமான பயாஸ் உள்ள வேறொரு போர்டில் போடுவது, உங்கள் போர்டில், நன்றாக ஓடும் வேறொரு பிராசசரைப் போடுவது. இரண்டையும் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு முடிவு சொல்பவரிடம் பொருளைக் கொடுக்காதீர்கள். ஆனால் பின் வளைந்த சாக்கெட்டில் நல்ல பிராசசரைச் சோதிக்காதீர்கள், அதுவும் கெடக்கூடும்.

குறை பிராசசரில் என்று உறுதியானால் வாங்கிய பில், பெட்டி, பெட்டியின் மேல் உள்ள வரிசை எண் ஆகியவற்றோடு உத்தரவாதத்துக்கு அனுப்பலாம். குறை போர்டில் என்றால், அனுப்புமுன் சாக்கெட்டை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வைத்துக்கொண்டு, முன்பு எடுத்துவைக்கச் சொன்ன கறுப்பு மூடியைச் சாக்கெட்டின் மேல் பூட்டுங்கள். மூடி இல்லாமல் வரும் போர்டைப் பல சேவை மையங்கள் கையில் வாங்குவதே இல்லை. தொலைத்துவிட்டவர்கள் எங்களிடம் கேட்கலாம், ஒரு டப்பா நிறைய இருக்கிறது.